சூடானால் செல்ஃப் எடுக்காத மேஜர்: எங்கிருந்து தேடுவது?

கானாடுகாத்தான்_மேஜர்

எல்லோருக்கும் வணக்கம். வண்டி மஹிந்திரா எம்எம் 540 ஜீப், மேஜர் என்று சொல்வது இதைத்தான். பியூஜோ எக்ஸ்டிபி 4.90 டீசல், 2112 சிசி, 12 வோல்ட். ஐயா வாங்கிய வண்டி, இப்போது என் கையில். பள்ளத்தூர் பக்கம் தோப்புக்குப் போக, கண்மாய்க்குள் இறங்கி ஏற, சீமைக்கருவேலம் வெட்டினால் கட்டை இழுக்க என்று வருஷம் முழுக்க வேலை இருக்கிறது. மழைக்குச் சேறு, வெயிலுக்குச் செம்மண் புழுதி.

பிரச்சினை இது. காலையில் கொட்டகையில் ஹீட்டர் போட்டு சாவியைத் திருப்பினால் சோம்பலாகச் சுற்றும், ஆனால் எடுத்துவிடும். காரைக்குடி வரை ஓட்டிப் போய்க் கடை முன்னால் நிறுத்தி, சாமான் வாங்கிக்கொண்டு வந்து சாவியைப் போட்டால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. மறுபடி திருப்பினாலும் ஒரு 'டக்'தான். அரைமணி ஆறவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. வெயில் ஏற ஏறத் தொல்லையும் ஏறுகிறது.

பேட்டரி புதுசு. டெர்மினல் தேய்த்து வாசலின் போட்டாயிற்று. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பினால் வெளிச்சம் பெரிதாகக் குறையவில்லை. ஒரு கடையில் காட்டினேன். வண்டியைத் தொடாமலேயே "செல்ஃப் போச்சு, புதுசு போடுங்க" என்றார்கள். காசு இறக்கும் முன் இங்கே கேட்கிறேன்.

தோப்புக்காரர்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அந்த வயசு மோட்டாரைக் கழற்றிக் கடாசிவிட்டு, கியர் ரிடக்‌ஷன் வகை ஒன்று வாங்கி மாட்டுங்கள். எடை குறைவு, கரண்டும் குறைவாகக் குடிக்கும், தட்டித் தூக்குகிறது. என் வண்டியில் போட்ட பிறகு பானெட் திறக்கவே மறந்துவிட்டது.

பட்டறை_பக்கம்

கானாடுகாத்தான் தம்பி, எதையும் கழற்ற வேண்டாம். சத்தத்தை வைத்தே பாதி பிடித்துவிடலாம்.

'டக் டக் டக் டக்' என்று மெஷின் மாதிரி அடித்தால் பேட்டரியில் சத்து இல்லை, அல்லது எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது. சொலினாய்டு (மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் மின்காந்த ஸ்விட்ச்) இழுக்கும், மோட்டார் கரண்டைக் கேட்கும், வோல்ட் சரியும், சொலினாய்டு விட்டுவிடும், திரும்ப இழுக்கும். மோட்டார் 'ங்ங்ங்' என்று தனியாக ஓடி இன்ஜின் அசையாவிட்டால், மோட்டாரை இன்ஜினோடு கோக்கும் பெண்டிக்ஸ் வழுக்குகிறது. 'கர்ர்ர்' என்று அரைத்தால் பினியனிலோ (செல்ஃபின் சின்னப் பல்சக்கரம்) ரிங் கியரிலோ (அது போய்ப் பிடிக்கும் இன்ஜின் பக்கத்துப் பல்வளையம்) பல் தேய்ந்திருக்கிறது.

உங்களுடையது ஒற்றை 'டக்', லைட்டும் மங்கவில்லை. லைட் செத்து விழுந்தால், ஒன்று பேட்டரி காலி, இல்லாவிட்டால் மோட்டார் உள்ளே இறுகிக் கரண்டை அள்ளுகிறது. லைட் அப்படியே எரிந்தால் மோட்டாருக்குக் கரண்டே போய்ச் சேரவில்லை என்று பொருள். வழியில் எதுவோ தடுக்கிறது. சொலினாய்டு உள்ளே இருக்கும் செம்புத் தட்டாக இருக்கலாம், கேபிளாக இருக்கலாம், எர்த்தாக (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி) இருக்கலாம், சாவி ஸ்விட்சாகவும் இருக்கலாம். மோட்டார் நல்லதா கெட்டதா என்கிற கேள்வியே இன்னும் வரவில்லை.

மில்லிவோல்ட்

அண்ணன் சொன்னதற்கு மேல் ஒரு மீட்டர் இருந்தால் போதும். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரே சரி. ஆனால் ஓம்ஸில் வைத்துக் கேபிளைப் பார்க்காதீர்கள், அது ஏமாற்றும்.

காரணம் சொல்கிறேன். டீசல் இன்ஜினைச் சுற்றும்போது 300 ஆம்பியர் சாதாரணமாகப் போகும், முதல் உதைப்பில் இன்னும் கூட. வழியில் ஒரு இணைப்பில் 0.01 ஓம் தடை இருந்தால் 300 × 0.01 = 3 வோல்ட் அங்கேயே காலி. 12 வோல்டில் 3 போனால் செல்ஃப் எப்படிச் சுற்றும்? அந்த 0.01 ஓமை உங்கள் மீட்டர் 'சுழி' என்றுதான் காட்டும். அதனால் தடையை அளக்காதீர்கள், சுற்றும்போது விழும் வோல்டை அளங்கள்.

வண்டியை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக் இழுங்கள். எடுத்துவிடாமல் இருக்க இன்ஜின் நிறுத்தும் நாபை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒருவர் சாவியைத் திருப்பட்டும். நீங்கள் மீட்டரை டிசி 20 வோல்டில் வைத்து அளக்க வேண்டியவை:

பேட்டரியின் இரண்டு ஈயக் குமிழ்களுக்கும் இடையே. கிளாம்பில் வைக்காதீர்கள், குமிழின் மேலேயே முள்ளைக் குத்துங்கள். சுற்றும்போது 9.6க்குக் கீழே போகக் கூடாது.

பேட்டரி பாசிட்டிவ் குமிழுக்கும் செல்ஃபில் தடித்த கேபிள் வந்து இறங்கும் போல்ட்டுக்கும் (30ஆம் முனை) இடையே. அரை வோல்டுக்குள் இருக்க வேண்டும்.

செல்ஃபின் இரும்பு உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவ் குமிழுக்கும் இடையே. 0.2, மிஞ்சினால் 0.3. இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

கடைசியாக, சாவியிலிருந்து சொலினாய்டுக்கு வரும் மெல்லிய வயர் முனை (50) ஒரு பக்கம், செல்ஃப் உடம்பு மறுபக்கம். இதைக் கட்டாயம் வண்டி சூடாகி மக்கர் செய்யும்போது அளங்கள். கொட்டகையில் காலையில் அளந்தால் எல்லாம் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும்.

தேவகோட்டை_ரஸ்தா

மீட்டர் இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டால் ஒரு வழி இருக்கிறது. ஜம்பர் கேபிள் ஒன்றை எடுத்து பேட்டரி நெகட்டிவிலிருந்து நேரே இன்ஜின் பிளாக்கில் சுத்தமான இரும்பு தெரியும் இடத்தில் கவ்வ விடுங்கள். உடனே சுற்றினால் எர்த்தில்தான் கோளாறு. புதுவயல் சாலையில் ஒரு டிராக்டரை இப்படி எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்று, சுத்தியல் வைத்தியம். ஒருவர் சாவியைப் பிடித்திருக்க, செல்ஃப் உடம்பில் மரக்கட்டையால் இரண்டு தட்டு. எடுத்தால் பிரஷ் (மோட்டாருக்குள் கரண்ட் ஏற்றும் கார்பன் கட்டை) சிக்கியிருக்கிறது அல்லது சொலினாய்டு தட்டு கருகியிருக்கிறது.

பட்டறை_பக்கம்

தட்டுவது பழைய ஃபீல்டு காயில் மோட்டாருக்குச் சரி. இப்போது வரும் பல கியர் ரிடக்‌ஷன் மோட்டார்களுக்குள் காந்தம் ஒட்டியிருக்கும், சுத்தியலால் அடித்தால் விரிசல் விட்டு உடைந்துவிடும். மேஜரில் இருப்பது பழைய வகைதான், தட்டலாம். ஆனால் தட்டி எடுத்த வண்டி மறுநாள் தட்டினாலும் எடுக்காது. நேரே வீட்டுக்கு ஓட்டி வந்துவிட வேண்டும்.

ஸ்க்ரூடிரைவரை வைத்து 30ஐயும் 50ஐயும் இணைத்துப் பார்க்கச் சிலர் சொல்வார்கள். நானும் செய்வேன். ஆனால் கியரில் நிற்கிற வண்டியில் செய்தால் அது உங்கள் மேல் ஏறும். நியூட்ரலா என்று இரண்டு முறை பாருங்கள், சக்கரத்துக்கு முன்னால் நிற்காதீர்கள், கையில் மோதிரம், கடிகாரம் இருந்தால் கழற்றுங்கள்.

கானாடுகாத்தான்_மேஜர்

அளந்துவிட்டேன். மச்சான் சாவியில், நான் மீட்டரில். காலைக் குளிர்ச்சியில்:

நிற்கும்போது பேட்டரி 12.6
சுற்றும்போது பேட்டரி 10.9
பாசிட்டிவ் வழி 0.35
எர்த் வழி 1.6

1.6 என்று வந்ததும் முள்ளைச் சரியாகத்தான் வைத்தேனா என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். அதே எண்தான். அப்படியென்றால் செல்ஃபுக்குக் கிடைப்பது 9 வோல்ட்கூட இல்லையே?

மில்லிவோல்ட்

10.9 – 0.35 – 1.6 = 8.95. ஆமாம். உங்கள் செல்ஃப் அரைப்பட்டினியில் வேலை பார்த்திருக்கிறது. ஒரு கேள்வி: வண்டிக்குக் கடைசியாக எப்போது பெயிண்ட் அடித்தீர்கள்?

கானாடுகாத்தான்_மேஜர்

போன வருஷம் வீட்டில் ஒரு கல்யாணம். அதற்கு முன்னால் சேஸிஸ் முதற்கொண்டு அடித்தோம். ஏன்?

மில்லிவோல்ட்

போய் எர்த் பட்டையின் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள்.

கானாடுகாத்தான்_மேஜர்

பார்த்தேன். சேஸிஸில் பட்டை உட்காரும் இடத்தில் பளபளவென்று கறுப்புப் பெயிண்ட். அதன் மேலேயே பட்டையை வைத்து முறுக்கியிருக்கிறார்கள். போல்ட்டின் மரை வழியாக மட்டும்தான் கரண்ட் போய்க்கொண்டிருந்திருக்கிறது. இன்ஜின் பக்கத்து முனை அதைவிட மோசம். பின்னல் பட்டையின் மேல் ரப்பர் உறை போட்டிருந்தது, அதைக் கத்தியால் கீறினால் உள்ளே பச்சைத் தூள் கொட்டுகிறது. செம்பு இழைகளில் பாதி அறுந்து கிடக்கின்றன. வெளியே பார்த்தால் அத்தனை லட்சணமாக இருந்தது!

தேவகோட்டை_ரஸ்தா

உலோக அரிப்பை ஆராய்ச்சி செய்ய 1953லிருந்து சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வகம்) இருக்கிற ஊர்ப்பக்கம் வண்டி ஓட்டிக்கொண்டு பச்சைத் தூளா? வெளியே சொல்லாதீர்கள்.

பட்டறை_பக்கம்

புதுப் பட்டை போடுங்கள். ஒன்றோடு நிறுத்தாமல் இரண்டாகப் போடுங்கள்: பேட்டரி நெகட்டிவிலிருந்து நேரே இன்ஜின் அல்லது பெல் ஹவுசிங் (கிளட்சை மூடும் கூடு) போல்ட்டுக்கு ஒரு தடித்த கேபிள், இன்ஜினிலிருந்து சேஸிஸுக்கு ஒரு பட்டை. இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, அதனால் சேஸிஸோடு அதற்கு இரும்புத் தொடர்பு கிடையாது என்பதை மறந்துவிடக் கூடாது. கேபிள் 35 சதுர மிமீக்குக் குறையக் கூடாது, 50 கிடைத்தால் நல்லது. வெல்டிங் கேபிள் வளைந்து கொடுக்கும், அதையே வாங்குங்கள். கேபிள் முனையில் மாட்டும் லக்கைச் சுத்தியலால் அடித்து நசுக்கி விடாதீர்கள், கிரிம்பிங் கருவி வைத்திருப்பவரிடம் கொடுத்து அமுக்கி வாருங்கள்.

இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்டி, நட்சத்திர வாஷர் போட்டு முறுக்கிய பிறகு மேலே கிரீஸோ பெயிண்டோ அடியுங்கள். முறுக்கிய பிறகு, முன்னால் இல்லை.

கானாடுகாத்தான்_மேஜர்

செய்தாயிற்று. எர்த் வழி இப்போது 0.15. காலையில் சுற்றுகிற வேகமே வேறு. ஆனால் இரண்டு விஷயம் உறுத்துகிறது. சுற்றும்போது பேட்டரி 10.9 காட்டியது இப்போது 10.3க்கு இறங்குகிறது. பேட்டரி கெடுகிறதா? அப்புறம், மதிய வெயிலில் இன்னும் சில நேரம் அதே ஒற்றை 'டக்'.

மில்லிவோல்ட்

முதல் விஷயத்தில் கவலை வேண்டாம். தடை போனதால் மோட்டார் இப்போது கேட்ட கரண்டை வாங்குகிறது, கூடுதல் கரண்ட் கொடுக்கும்போது பேட்டரி சற்று அதிகம் தணியும். 10.3 – 0.4 – 0.15 என்று போட்டால் மோட்டாருக்கு 9.75 கிடைக்கிறது. முன்பு கிடைத்தது 8.95. மனசு கேட்காவிட்டால் ஹைட்ரோமீட்டரில் ஆறு அறையையும் பாருங்கள், ஒன்று மட்டும் தனியாகக் குறைந்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இரண்டாவதற்கு, 50ஆம் முனையின் அளவை இன்னும் நீங்கள் கொடுக்கவில்லை.

கானாடுகாத்தான்_மேஜர்

இன்று கொப்புடையம்மன் கோவில் பக்கம் நிறுத்தியபோது மாட்டியது. மீட்டர் கையிலேயே இருந்தது. 'டக்' சத்தம் வரும்போது 50இல் 7.8 வோல்ட். அதே நேரம் பேட்டரியில் 12.2. ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு வண்டிக்கடியில் தலை வைத்துப் படுத்திருந்த என்னைச் சுற்றி ஒரு சின்னக் கூட்டம். ஆளுக்கொரு யோசனை. பெரியவர் ஒருவர் எலுமிச்சம்பழம் வைத்து எடுக்கச் சொன்னார்.

மில்லிவோல்ட்

அகப்பட்டது. 4.4 வோல்ட் சாவிக்கும் சொலினாய்டுக்கும் நடுவில் காணாமல் போகிறது.

சொலினாய்டுக்குள் இரண்டு சுற்று உண்டு. ஒன்று இழுக்கிற சுற்று, இன்னொன்று இழுத்ததைப் பிடித்து வைக்கிற சுற்று. இழுக்கிற அந்த நொடியில் இரண்டும் சேர்ந்து 30, 40 ஆம்பியர் கேட்கும். அது முழுக்கப் பழைய சாவி ஸ்விட்ச் வழியாகவும், டேஷ்போர்டுக்குப் பின்னால் யார் யாரோ முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள் வழியாகவும் வருகிறது.

இதில் சூடு எங்கே வருகிறது என்றால், செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.39 சதவீதம் ஏறும். காலையில் 30 டிகிரியில் இருந்த காயில், இன்ஜின் சூட்டில் 90க்குப் போனால் தடை கிட்டத்தட்ட கால் பங்கு கூடிவிடும். வோல்ட் மாறாமல் இருந்தாலும் கரண்ட் ஐந்தில் ஒரு பங்கு குறையும். உங்களுக்கோ வோல்டும் பாதி வழியில் போய்விடுகிறது. சொலினாய்டு அசையும், சத்தம் வரும், ஆனால் செம்புத் தட்டை முழுதாக முட்டும் அளவுக்கு இழுக்காது. ஆறினால் தடை இறங்கும், எடுத்துவிடும். அரைமணிக் கணக்கு இதுதான்.

பட்டறை_பக்கம்

மருந்து ஒரு ரிலேதான். 12 வோல்ட், 40 ஆம்பியர், நாலு கால் உள்ளது. செல்ஃபின் 30ஆம் முனையிலிருந்து ஃபியூஸ் வைத்து ஒரு தடித்த வயர் ரிலேயின் 30க்கு. ரிலேயின் 87லிருந்து சொலினாய்டின் 50க்கு, இதுவும் தடித்த வயர், 4 சதுர மிமீ போடுங்கள். இதுவரை 50க்கு வந்துகொண்டிருந்த பழைய மெல்லிய வயரை ரிலேயின் 86இல் மாட்டுங்கள். 85 எர்த்துக்கு. இனிமேல் சாவி ஸ்விட்ச் வழியாக ஓடப்போவது ஒரு ஆம்பியரில் சொச்சம்தான், ஸ்விட்சுக்கும் ஆயுசு கூடும். ரிலேயை இன்ஜின் மேல் வைக்காமல் பக்கவாட்டில் உயரமாக, கால்கள் கீழே பார்க்கிறபடி மாட்டுங்கள். தண்ணீர் உள்ளே நிற்காது.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது கடைசியாக.

பழைய_வில்லிஸ்

இழைக்குள் குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டு முகப்பில் போர்க்காலத்து வில்லிஸ் ஜீப் ஒன்று நிற்கிறது. 6 வோல்ட். காலால் மிதிக்கும் ஸ்டார்ட்டர் ஸ்விட்ச். அதில் சாவியும் கிடையாது சொலினாய்டும் கிடையாது, மிதித்தால் நேரே கரண்ட். 12க்கு மாற்றினால் பழைய செல்ஃபையே வைத்துக்கொள்ளலாமா?

பட்டறை_பக்கம்

சுற்றும், பேய் மாதிரி சுற்றும். பலர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் அதில் இருப்பது சொலினாய்டு தள்ளும் பினியன் இல்லை, மோட்டார் சுழலும் வேகத்தில் தானே எகிறிப் போய்ப் பல்லைப் பிடிக்கும் பழைய பெண்டிக்ஸ். 12 வோல்டில் அது ரிங்கில் போய் மோதுகிற வேகம் இரட்டிப்பாகும். ஒரு மிதியில் எடுத்துவிடுகிற இன்ஜின் என்றால் பரவாயில்லை. நீளமாகச் சுற்ற வைக்காதீர்கள், சூட்டில் காயில் கருகும். ஊர்வலத்துக்கு மட்டும் எடுக்கிற வண்டி என்றால் 6 வோல்டிலேயே விடுங்கள், தடித்த கேபிளும் சுத்தமான எர்த்தும் இருந்தாலே நன்றாகச் சுற்றும். 6 வோல்டில் ஒரு வோல்ட் போனால் ஆறில் ஒரு பங்கு போயிற்று.

கானாடுகாத்தான்_மேஜர்

ரிலே போட்டாயிற்று. 50இல் இப்போது 11.6. 'டக்' என்று நின்றுவிடுவது அறவே இல்லை. ஆனால் நல்ல சூட்டில் சுற்றும்போது இழுத்து இழுத்துச் சுற்றுகிறது, கூடவே உள்ளே எதுவோ லேசாக உரசும் சத்தம்.

தோப்புக்காரர்

அப்போதே சொன்னேன், புதுசு போடுங்கள் என்று.

மில்லிவோல்ட்

போட்டிருந்தால் புதுசும் 1.6 வோல்ட் எர்த்தில் மாட்டிக்கொண்டு முனகியிருக்கும். கியர் ரிடக்‌ஷன் மோட்டார் நல்ல சாமான்தான், மறுக்கவில்லை. பினியன் பல் எண்ணிக்கை, பல்லின் அளவு, மூக்கின் நீளம், போல்ட் துளை நாலும் பொருந்தினால் தாராளமாகப் போடலாம். ஆனால் எப்போதுமே வழியைச் சரிசெய்த பிறகுதான் மோட்டாரைத் தொட வேண்டும்.

பட்டறை_பக்கம்

இப்போது கழற்றுங்கள். உரசல் என்றால் புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்து, உள்ளே சுழலும் ஆர்மேச்சர் இறங்கியிருக்கும்.

கானாடுகாத்தான்_மேஜர்

கழற்றி, எனக்குத் தெரிந்த ஒரு செல்ஃப் கட்டுகிற அண்ணனிடம் உட்கார்ந்து பிரித்தோம். மூக்குப் பக்கத்து மூடியைத் திறந்ததும் கைப்பிடி அளவு காய்ந்த செம்மண். கண்மாய்ச் சேறு பெல் ஹவுசிங் வழியாக வந்து, பெண்டிக்ஸ் ஓடுகிற ஸ்ப்லைனில் (தண்டில் வெட்டிய வரிப்பள்ளம்) இருந்த கிரீஸோடு சேர்ந்து செங்கல்லாக ஆகியிருக்கிறது. ஆர்மேச்சரின் ஒரு பக்கம் கோடு கோடாகப் பளிச்சென்று தேய்ந்திருந்தது. பின்பக்கத்துப் புஷ் முட்டை வடிவம். நாலு கார்பனில் ஒன்று கூட்டுக்குள் சிக்கி நகரவே இல்லை. சொலினாய்டின் செம்புத் தட்டு கருகிக் குழி விழுந்திருந்தது.

புஷ்ஷும் கார்பனும் புதுசு. செம்புத் தட்டைத் திருப்பிப் போட்டார், மறுபக்கம் நல்லதாக இருந்தது. புது மோட்டாரின் விலையில் கால்வாசிகூட ஆகவில்லை.

பட்டறை_பக்கம்

அடுத்து படிப்பவர்களுக்காகச் சில விஷயம். புஷ்ஷை அப்படியே அடித்து ஏற்றக் கூடாது. துளை நிறைய இன்ஜின் ஆயில் ஊற்றி, ஒரு முனையைக் கட்டைவிரலால் அடைத்து, மறுமுனையை இன்னொரு விரலால் அழுத்தினால் வெளிப்பக்கம் எண்ணெய் வியர்க்கும். அப்போதுதான் மாட்ட வேண்டும். கம்யூட்டேட்டரை (கார்பன் உரசும் செம்பு உருளை) நைஸ் உப்புத்தாளால் தேயுங்கள், இரும்பு தேய்க்கும் எமரி வேண்டாம், அதன் தூள் இடுக்கில் நின்று ஷார்ட் ஆக்கும். தேய்த்த பிறகு செம்புக்கு நடுவில் இருக்கும் மைக்காவை அரை மிமீ கீழே சுரண்டி விடுங்கள்.

பெண்டிக்ஸை டீசலிலோ பெட்ரோலிலோ ஊறப் போடுவது பலருக்கு வழக்கம். செய்யாதீர்கள். உள்ளே ஒருவழி கிளட்சில் நிரப்பி வைத்த கிரீஸ் கரைந்து போய்விடும், பிறகு அது வழுக்கும். துணியால் துடைத்தால் போதும். ஸ்ப்லைனில் கிரீஸை அப்பாதீர்கள், நம் ஊர்ப் புழுதிக்கு அதுவே பசை.

கண்மாய்க்கரை

சேறு உள்ளே வந்தது பெல் ஹவுசிங்கின் அடியில் இருக்க வேண்டிய தகட்டு மூடி இல்லாததால் இருக்கும். கிளட்ச் வேலைக்குக் கழற்றுகிறவர்கள் அதைத் திரும்ப மாட்டுவதே இல்லை. தகட்டில் வெட்டியாவது ஒன்று செய்து போடுங்கள். அப்புறம், கலுங்கில் முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்த கையோடு இன்ஜினை நிறுத்தாதீர்கள். சூடான மோட்டார் குளிர்ந்த தண்ணீரில் பட்டென்று ஆறும்போது உள்காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும். வாட்டர் சர்வீஸில் செல்ஃபைப் பார்த்து நேரே பீய்ச்சவும் விடாதீர்கள்.

தேவகோட்டை_ரஸ்தா

இதே இழையில் என் கேள்வியும். என் மஹிந்திரா கமாண்டர் ஜீப்பில் எப்போதாவது 'கர்ர்ர்' என்று அரைக்கிறது. நாலாவது கியரில் போட்டு வண்டியை ஒரு அடி முன்னால் தள்ளிவிட்டு, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து அடித்தால் சரியாகப் பிடிக்கிறது. செல்ஃப் போன மாதம்தான் கட்டியது.

பட்டறை_பக்கம்

ரிங் கியர். நாலு சிலிண்டர் இன்ஜினில் அரைச் சுற்றுக்கு ஒரு அமுக்கம் வரும். நிறுத்தும்போது அந்த அமுக்கத்தில் முட்டித்தான் நிற்கும், அதனால் ரிங்கில் எதிர் எதிராக இரண்டு இடத்தில் மட்டுமே பினியன் போய் அடிக்கிறது. அந்த இரண்டு இடத்திலும் பல் கூராகியிருக்கும், மற்ற இடமெல்லாம் புதுசு போல இருக்கும். செல்ஃபைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்து, ஒருவரை இன்ஜினைக் கையால் சுற்றச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

அதிகம் தேயாமல் இருந்தால் ரிங்கைச் சூடாக்கிக் கழற்றி, 90 டிகிரி திருப்பித் திரும்ப ஏற்றலாம். கவிழ்த்துப் போடக் கூடாது, பினியன் நுழையும் பக்கத்தில் மட்டும்தான் பல் முனையைச் சாய்த்து வெட்டியிருப்பார்கள். ரிங்கைச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சினால் பல்லின் உறுதி போய்விடும், அதையும் லேத்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

தேவகோட்டை_ரஸ்தா

சரி அண்ணே. எப்படியும் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், அப்போதே கிளட்ச் தட்டையும் பார்த்துவிடுகிறேன். கீழே தகட்டு மூடி இருக்கிறதா என்று இப்போதுதான் குனிந்து பார்த்தேன். என் வண்டியிலும் இல்லை.